சுற்றும் வட்டம்: வீட்டுக் கணினியில் காணொலி தடுமாறுவது எங்கே, எதனால்

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், வாசலில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை அறைக்குப் பின் அறையாக நீளும் பழைய வீடு எங்களுடையது. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வீட்டின் இணைய இணைப்பை இரண்டு முறை உயர்த்தினோம்: 40 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் தரவு) 100 ஆனது, 100 பின்பு 200 ஆனது. ஒவ்வொரு முறையும் மாதக் கட்டணம் ஏறியது. ஆனால் பின்கட்டு அறையில் அக்கா மகள் டிஎன்பிஎஸ்சி பாடங்களைப் பார்க்கும் மேசைக் கணினியில், பாடம் நடத்துபவர் பேச்சின் நடுவே உறைந்து நிற்பதும் திரையின் மையத்தில் வட்டம் சுற்றுவதும் துளியும் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டு, கணினியிலிருந்து வாசல் வரை ஒவ்வொரு இடமாகச் சோதித்தபோது தெரியவந்த காரணங்கள் இரண்டு: ரூட்டரை மறைத்து நின்ற இரும்பு பீரோ, பத்தாண்டு கடந்த கணினியின் திறன். இரண்டுக்கும் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதே வீண்செலவு வீட்டுக்கு வீடு நடப்பதைப் பார்ப்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று நாம் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. காய்ச்சல் என்று போனவருக்கு எந்தப் பரிசோதனையும் செய்யாமல் வீரியம் கூடிய மாத்திரையைக் கொடுப்பதுபோல, இந்தப் புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் பெரிய பிளான். ஆனால் காணொலிக்கு உண்மையில் தேவைப்படும் வேகம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி 720பி தெளிவுக்கு 3 எம்பிபிஎஸ், 1080பி தெளிவுக்கு 5, 4கே தெளிவுக்கு 15 போதும். எங்கள் வீட்டின் பழைய 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 1080பி காணொலி எட்டை ஒரே நேரத்தில் ஓட்டியிருக்கலாம். பிராட்பேண்ட் என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகத்தை மத்திய அரசு 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து (ஏறத்தாழ அரை எம்பிபிஎஸ்) 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்தக் குறைந்தபட்சம் 720பிக்குக்கூடப் போதாது என்பது உண்மைதான். ஆயினும் வீட்டுக்குள் ஃபைபர் வந்துவிட்ட குடும்பங்களுக்கு வேகம் கிடைக்கிறதா என்பதைவிட, கிடைத்த வேகம் வழியில் எங்கே தொலைகிறது என்பதே பெரிய கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க, காணொலி எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரக் காணொலி ஒரே கோப்பாக நம் கணினிக்கு வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக அது முன்கூட்டியே நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வழங்கியில் (தளத்தின் சர்வரில்) வைக்கப்பட்டிருக்கிறது. 2009இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டேஷ் ஆகிய இரண்டு முறைகளும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. கணினியில் உள்ள பிளேயர், முந்தைய துண்டு எவ்வளவு வேகமாக வந்தது என்று அளந்து பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. கேட்டு வாங்கியவற்றில் சிலவற்றை முன்னதாகவே சேமித்தும் வைத்துக்கொள்கிறது. இந்தச் சேமிப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாலும், தொட்டியில் இருப்பு உள்ளவரை சமையலறைக் குழாயில் வித்தியாசம் தெரியாது. தொட்டி வற்றும் கணத்தில்தான் குழாய் காற்றை உமிழும். திரையில் சுற்றும் வட்டம், பஃபர் வற்றிவிட்டது என்பதன் அறிவிப்பு.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அறிகுறியை. வட்டம் சுற்றி, ஒலியும் படமும் சேர்ந்தே நின்றால், துண்டுகள் வந்து சேரவில்லை. கோளாறு வரும் வழியில் இருக்கிறது. ஒலி தடையின்றி ஓட, படம் மட்டும் வெட்டி வெட்டி நகர்ந்தால், துண்டுகள் வந்து சேர்ந்துவிட்டன, அவற்றைப் பிரித்துப் படமாக்கக் கணினி திணறுகிறது; அங்கே இணையத்தின்மேல் பழி போடுவது தவறு. நிற்காமல் ஓடினாலும் படம் மங்கலாக இருந்தால், வழி குறுகலாக இருப்பதை உணர்ந்து பிளேயர் தரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது எப்போதோ நாமே 360பி என்று தேர்ந்தெடுத்ததை மாற்றாமல் விட்டிருக்கிறோம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் தொடங்கும் எந்தச் சோதனையும் இருட்டில் துழாவுவதாகவே முடியும்.

யூடியூபில் இதைக் கண்ணால் காண்பதற்கு ஒரு வசதி உண்டு. இருப்பது பலருக்குத் தெரியாது என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஓடும் காணொலியின் மேல் சுட்டியை வைத்து வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் திரையின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் ‘பஃபர் ஹெல்த்’ என்ற வரியில், இன்னும் எத்தனை விநாடிக்கான காணொலி கையிருப்பில் உள்ளது என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். அது இருபது, முப்பது விநாடிக்கு மேல் நின்றால் வரத்து நன்றாக இருக்கிறது என்று பொருள். ஐந்து, மூன்று, ஒன்று என்று கண்முன்னே இறங்கிப் பூச்சியத்தைத் தொடும்போது வட்டம் தோன்றும். இன்னொரு வரியில், இதுவரை எத்தனை படச்சட்டங்களில் (அடுத்தடுத்து ஓடிக் காணொலியாகும் தனித்தனிப் படங்களில்) எத்தனை கைவிடப்பட்டன என்ற கணக்கு இருக்கும். எங்கள் கணினியில் அன்று பார்த்தபோது, சில நேரங்களில் பஃபர் முப்பது விநாடிக்கு மேல் இருந்தும் கைவிடப்பட்ட சட்டங்கள் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. வேறு நேரங்களில் சட்டங்களின் கணக்கு அசையாமல் நிற்க, பஃபர் மளமளவென்று வற்றியது. ஒரே கணினியில் இரண்டு வெவ்வேறு நோய்கள் என்பது அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

கைவிடப்பட்ட சட்டங்களுக்கான காரணத்தை அதே பெட்டியில் உள்ள ‘கோடெக்ஸ்’ என்ற வரி சொல்லிவிடும். காணொலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குப் பெயர் கோடெக். 2003இல் வந்த எச்.264 அவற்றில் எல்லாக் கணினிகளுக்கும் பழகியது. 2013இல் கூகுள் வெளியிட்ட விபி9, 2018இல் பல நிறுவனங்கள் கூடி வெளியிட்ட ஏவி1 ஆகியவை, அதே தெளிவை இன்னும் குறைந்த தரவில் அனுப்பக்கூடியவை. அனுப்புபவருக்கு இது பெரிய மிச்சம்; ஆனால் எவ்வளவு இறுக்கமாக மூட்டை கட்டுகிறோமோ அவ்வளவு உழைப்பு அதைப் பிரிப்பவருக்கு. இந்தப் பிரிக்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதிக்குத் தெரியாத முறையில் காணொலி வந்தால் முழுச் சுமையும் கணினியின் மூளையான பிராசஸரின் தலையில் விழும். இன்டெல் பிராசஸர்களில் விபி9ஐச் சிப்பே முழுமையாகப் பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையிலும், ஏவி1ஐப் பிரிக்கும் வசதி 2020இல் வந்த பதினோராம் தலைமுறையிலும்தான் வந்தன. எங்கள் மேசைக் கணினியில் இருப்பது நான்காம் தலைமுறை. அது ஒவ்வொரு படச்சட்டத்தையும் கணக்குப் போட்டே பிரித்துக்கொண்டிருந்தது.

விண்டோஸில் இதை உறுதி செய்ய டாஸ்க் மேனேஜர் போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். காணொலி ஓடும்போது பிராசஸரின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி, அதே நேரம் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பகுதியில் ‘வீடியோ டீகோட்’ என்ற வரைகோடு தரையோடு தரையாகக் கிடந்தால், சிப் உதவவில்லை என்பது உறுதி. சில கணினிகளில் சிப்புக்குத் திறமை இருந்தும் பிரவுசரில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்ற அமைப்பு அணைக்கப்பட்டிருக்கும். குரோமில் செட்டிங்ஸின் சிஸ்டம் பகுதியில் அதை இயக்கிவிட்டு, கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தால் சரியாகிவிடும். சிப்புக்கே திறமை இல்லையென்றால், யூடியூபை எச்.264 மட்டும் கேட்க வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பிரவுசரில் சேர்க்கலாம். அதைச் சேர்த்ததும் 1440பி, 4கே ஆகிய தரங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், ஏனெனில் யூடியூப் எச்.264 முறையில் 1080பிக்கு மேல் தருவதில்லை. பழைய கணினியின் திரைக்கு 1080பி என்பதே அதிகம் என்பதால் எங்களுக்கு இதில் இழப்பு ஏதுமில்லை.

கணினியைப் பற்றிச் சொல்லும்போது மதுரை வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் சீராக ஓடும் பாடம் சித்திரை வைகாசிப் பிற்பகலில் தடுமாறினால், இணையத்துக்கு முன் கேபினட்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும். எங்களுடையதைத் திறந்தபோது, பிராசஸர் விசிறிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளி முழுவதும் தலையணைப் பஞ்சுபோல் சாம்பல்நிறத் தூசி அடைந்திருந்தது. விசிறி சுழன்றும் காற்று போக வழியில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, ஓவியத் தூரிகையால் அதைக் கோதி எடுக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆண்டுக்கணக்கில் திறக்காத கணினியாக இருந்தால், பிராசஸருக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பசையும் காய்ந்திருக்கும். அதை மாற்றப் பழக்கமுள்ள கடைக்காரரிடம் கொடுப்பது நல்லது.

இனி வரத்து. வீட்டுக் காணொலிச் சிக்கல்களில் பெரும்பகுதி, ரூட்டருக்கும் கணினிக்கும் இடையே உள்ள இருபது முப்பது அடிக் காற்றில்தான் நிகழ்கிறது என்பது என் திடமான கருத்து. நகரத்துக்குள் உள்ள பழைய வீடுகளின் அமைப்பு வைஃபைக்கு ஏற்றதன்று. ஃபைபர் கம்பி தெருவிலிருந்து வருவதால் ரூட்டர் முன்னறையில் பொருத்தப்படுகிறது. படிப்பவர்களோ சத்தம் கேட்காத பின்கட்டுக்கோ மாடிக்கோ போகிறார்கள். இடையில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு முழங்கை அகலத்துக்குக் கட்டிய சுவர்கள் இரண்டோ மூன்றோ நிற்கின்றன. ரூட்டர் அனுப்பும் வைஃபை அலைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவர்களைக் கடந்து மெலிந்தாவது வந்து சேரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிகுந்தது, ஆனால் இரண்டாவது சுவருக்குள்ளேயே ஏறக்குறைய அடங்கிவிடும். சுவரையாவது அலை ஊடுருவும். இரும்பை ஊடுருவாது, மோதித் திரும்பும். நம் வீடுகளில் ரூட்டருக்கு இடம் தேடுபவர்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பீரோவுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ மாட்டிவிடுகிறார்கள். எங்கள் ரூட்டரைப் பீரோவின் மறைவிலிருந்து எடுத்து, நிலைவாசலுக்கு மேலே தலை உயரத்துக்கும் கூடுதலான இடத்தில் பொருத்தியதும், அதே அறையில், அதே கணினியில் அளந்த வேகம் 9 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 34 ஆயிற்று. கண்ணாடி பதித்த அலமாரி, நிறைந்த தண்ணீர்த் தொட்டி, மீன்தொட்டி ஆகியவையும் இதே பாவத்தைச் செய்பவை.

நெரிசல் இன்னொரு காரணம். சுவரோடு சுவர் ஒட்டிய சந்துகளில், கணினியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பதினைந்து இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் பதின்மூன்று என்று எண்ணிக்கை இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. அத்தனை வீடுகளும் அந்த மூன்று பாதைகளில்தான் முண்டியடிக்க வேண்டும். ஒருவர் பேசும்போது அதே சேனலில் உள்ள மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது வைஃபையின் அடிப்படை விதி. கணினியில் செருகியிருக்கும் வைஃபை டாங்கிளும் பழையதாக, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்ததாக இருந்தால், ரூட்டர் எவ்வளவு புதியதாக இருந்தும் பயனில்லை. அந்தக் குட்டி டாங்கிளைக் கேபினட்டின் பின்புறம், நீலநிறமுள்ள யுஎஸ்பி 3 துளைக்கு அருகில் செருகுவதும் தவறு. அந்தத் துளையில் ஹார்ட் டிஸ்க் போன்றவை இயங்கும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பாதிக்கும் என்பதை 2012இல் இன்டெல்லே ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரைப் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

குற்றவாளி வீட்டுக்காற்றா, வெளிக்கம்பியா என்பதைத் தீர்மானிக்க ஸ்பீட் டெஸ்ட்டைவிட நம்பகமான சோதனை பிங்: ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையோடு ரூட்டரின் முகவரியைச் சேர்த்துத் தட்ட வேண்டும்; பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். முகவரிக்குப் பின் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை சோதனை ஓடிக்கொண்டே இருக்கும். இந்தச் சோதனை வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு. கம்பியில் இணைத்த கணினியில் பதில் ஒரு மில்லிவிநாடிக்குள் வரும். நல்ல வைஃபையில் இரண்டு முதல் பத்துக்குள் நிற்கும். எண்கள் 4, 6, 310, 5, 780 என்று தாறுமாறாகத் துள்ளினாலோ, இடையிடையே ‘ரிக்வஸ்ட் டைம்டு அவுட்’ என்ற வரி தோன்றினாலோ, சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டிய தேவையில்லை. கோளாறு நம் கூரைக்குக் கீழேதான் உள்ளது. ரூட்டர் வரை சீராக இருந்து, 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்குப் போகும்போது மட்டும் இந்தத் துள்ளல் இருந்தால், அப்போது புகார் செய்வதில் நியாயம் உண்டு.

காற்றின் கோளாறுக்கு உறுதியான மருந்து கம்பிதான். ரூட்டரிலிருந்து கணினிக்கு நேரடியாகக் கேட்6 கம்பி இழுக்கச் சில நூறு ரூபாய் ஆகும். வேகம் கூடிய பிளானுக்கு மாதாமாதம் கட்டும் கூடுதல் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒருமுறைச் செலவு. சுவரின் மேற்புறமாகப் பட்டை அடித்துப் பின்கட்டுவரை இழுத்த பிறகு எங்கள் வீட்டில் பஃபர் ஒருமுறைகூட வற்றவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கம்பிக்குள் எட்டு இழைகள் இருக்கும். அவற்றில் நான்கு இருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடிவிடும். மீதி நான்கில் ஓர் இழை முனையில் சரியாகக் கடிபடாமல் போனாலும் இணைப்பு கிகாபிட்டிலிருந்து (1000 எம்பிபிஎஸ்) சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். 200 எம்பிபிஎஸ் பிளானில் 94, 95க்கு மேல் ஒருபோதும் காட்டவில்லையென்றால், முனையை மாற்றிப் பார்க்க வேண்டும் அல்லது கணினியின் போர்ட்டே 100தானா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் உள்ள மற்றவர்களும் கணக்கில் வருகிறார்கள், ஆனால் நாம் சந்தேகிக்கும் வகையில் அல்ல. ஒருவர் வேறு காணொலி பார்ப்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு திணறிவிடாது. திணற வைப்பது பதிவேற்றம், அதாவது வீட்டிலிருந்து வெளியே தரவை அனுப்புவது. அழகர்கோவிலுக்குப் போய் வந்த குடும்பம் வைஃபை எல்லைக்குள் நுழைந்ததும், நான்கு ஃபோன்களிலும் எடுத்த படங்களும் காணொலிகளும் கிளவுடுக்கு ஏறத் தொடங்கும். ஏற்றும் பாதை நிரம்பியதும் ரூட்டரின் உள்ளே வரிசை நீள்கிறது. நாம் பார்க்கும் காணொலியின் அடுத்த துண்டைக் கேட்கும் சின்னஞ்சிறு கோரிக்கையும், வந்தது கிடைத்தது என்று சொல்லும் ஒப்புகையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கின்றன; இறக்கும் பாதை காலியாகக் கிடந்தும் ஒன்றும் இறங்குவதில்லை. வல்லுநர்கள் இதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஃபோன்களில் பேக்கப்பை இரவு நேரத்துக்குத் தள்ளுவதும், விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பில் மற்றக் கணினிகளுக்கு அப்டேட் கொடுக்கும் வசதியை அணைப்பதும் இதற்கு உடனடித் தீர்வு.

வாசலைத் தாண்டினால் ஃபைபர். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் இயங்குகிறது: ஒரே இழையில் வரும் ஏறத்தாழ 2.5 கிகாபிட் வேகம், கம்பத்தில் உள்ள ஸ்பிளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. 32 வீடுகளும் ஒரே விநாடியில் முழு வேகத்தில் இழுத்தால்கூட வீட்டுக்கு எழுபது எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்கும் என்பதால், கூட்டம் அதிகம் என்பதற்காக இந்தப் பகுதி தடுமாறுவது அரிது. இங்கே நேரும் கோளாறு ஒளி மெலிவு. பக்கத்து வீட்டில் ஒரு வாரம் மாலைதோறும் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. பார்க்க வந்த சேவை நிறுவனத் தம்பி ஃபைபரைக் கழற்றித் தன் மீட்டரில் செருகிவிட்டு, “பவர் மைனஸ் 29 வருதுண்ணே, எங்கேயோ வளைஞ்சிருக்கு” என்றார். இந்த எண் டிபிஎம் என்ற அலகில் சொல்லப்படுவது. ஒவ்வொரு மூன்று இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது. சாதாரணமாக மைனஸ் பதினைந்துக்கும் மைனஸ் இருபத்தைந்துக்கும் இடையில் இருக்க வேண்டியது. மைனஸ் 27க்கும் கீழே இறங்கினால் மோடம் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) தட்டுத் தடுமாறியே படிக்கும். தேடிப் பார்த்ததில், மாலையில் கொசுவுக்காகச் சாத்தும் சன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஃபைபர் நசுங்கிக்கொண்டிருந்தது. அதை மேலே தூக்கிக் கட்டியதும் மைனஸ் 21 ஆயிற்று. ஒளி ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. ஃபைபரைச் செப்புக் கம்பிபோல் ஆணியைச் சுற்றி மடக்கக் கூடாது; முனையைக் கழற்றி விரலால் தொடவோ கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ சிமிட்டினாலோ மேற்சொன்ன எந்தச் சோதனையும் தேவையில்லை, நேரே புகார்தான். சிவப்பு எரியாமல், மோடம் அடிக்கடி தானே அணைந்து எழுந்தால், பல ஆண்டு உழைத்துக் களைத்த அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் இரவு எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் மட்டும் வட்டம் சுற்றினால், கோளாறு நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. சிறு சேவையாளர்கள் பெரிய நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக வேகத்தை வாங்கிச் சில்லறையாகப் பிரித்துத் தருகிறார்கள். எல்லாரும் ஒன்றாக உட்காரும் நேரத்துக்கு அந்த மொத்தம் போதாமல் போகிறது. இதை நிறுவ, விடியற்காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் கம்பியில் இணைத்த கணினியில் அளந்து, மூன்று நாள் எண்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் அருகிலுள்ள வழங்கியையே அளக்கும். காணொலி வேறு இடத்திலிருந்து வரலாம். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் காணொலிகளின் பிரதிகளைச் சேவை நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே கிடங்கு அமைத்து வைக்கின்றன. அத்தகைய கிடங்கு இல்லாத தளத்தின் காணொலி தொலைவிலிருந்து வர வேண்டும். அதனால்தான் ஸ்பீட் டெஸ்ட் நூறு காட்டும் வீட்டில் ஒரு தளம் மட்டும் தடுமாறுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம் என்ற தளம் அதன் காணொலி வழங்கிகளிலிருந்தே அளப்பதால், இரண்டு அளவுகளையும் ஒப்பிடுவது பயன்தரும். விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும். அது நம்மை வேறு ஊரில் இருப்பதாகக் காட்டி, காணொலியைச் சுற்றுவழியில் வரவழைக்கும்.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் ஃபைபர் இன்னும் எட்டாத வீடுகளில் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை நம்பியே கணினி ஓடுகிறது. 1080பி காணொலி மணிக்கு இரண்டு ஜிபிக்கு மேல் எடுக்கும். தினம் 2 ஜிபி என்ற திட்டம் ஒரு பாடத்திலேயே தீர்ந்து, வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அவர்கள் தரத்தை 480பி என்று கையால் நிலைநிறுத்திவிடுவதே சிறந்தது. கரும்பலகையும் எழுத்தும் உள்ள பாடத்துக்கு அது போதும்.

நேரலையைத் தனியாகவே பேச வேண்டும், ஏனெனில் அங்கே பஃபரின் கணக்கு வேறு. பதிவு செய்த காணொலியில் அடுத்த ஒரு நிமிடத்துக்கான துண்டுகளைப் பிளேயர் முன்னதாகவே வாங்கி வைக்கலாம். நேரலையில் அடுத்த நிமிடம் இன்னும் நடக்கவே இல்லை. கையிருப்பு சில விநாடிகளைத் தாண்டாது. மற்ற நாட்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு தடங்கலும் அன்றைக்கு வட்டமாக வந்து நிற்பது இதனால்தான். 2020இல் ஊரடங்கின்போது பக்தர்கள் இல்லாமல் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தை ஊரே இணையத்தில்தான் பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் அம்மாவும் கணினி முன்னால்தான் அமர்கிறார். திருப்பூட்டு (அம்மனுக்குத் தாலி பூட்டும் சடங்கு) நடக்கும் அதே கணத்தில் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வது இங்குள்ள சுமங்கலிகளின் வழக்கம். முதல் ஆண்டு, சரியாக அந்த நேரத்தில் வட்டம் சுற்றி நின்றது. அடுத்த ஆண்டு, தரத்தைக் குறைத்து, ஃபோன்களின் வைஃபையையெல்லாம் அணைத்து, நேரலையை அரை நிமிடம் பின்னுக்கு இழுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் ஏற்கெனவே நடந்து முடிந்த அந்த அரை நிமிடம் கையிருப்பாகிவிடும், வட்டம் வராது. அன்றும் வரவில்லை. ஆனால் எதிர்வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து நாதசுரமும் கெட்டிமேளமும் குலவையும் எழுந்தபோது, எங்கள் திரையில் பட்டர் இன்னும் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டாக நறுக்கி, சுருக்கி, அனுப்பி, சேர்த்துவைத்துக் காட்டும் முறையில் பதினைந்து முதல் முப்பது விநாடித் தாமதம் இயல்பாகவே உண்டு; நான் பின்னுக்கு இழுத்தது அதோடு சேர்ந்துகொண்டது. எந்த ரூட்டரும் எந்தப் பிளானும் அந்த இயல்பான தாமதத்தை மாற்ற முடியாது. காலை முழுவதும் கணினியில் பார்க்கும் அம்மா, இப்போது திருப்பூட்டு நெருங்கியதும் மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறார்.